சாவி யாரிடம் இருக்கிறது?

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்து இலக்கிய மன்ற விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான் கூடவே வரும். நடுவில் எங்காவது கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். மழை ஏமாற்றாத வருஷமென்றால் கொஞ்சம் பருத்தி, கொஞ்சம் கொத்தமல்லி. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது இந்தக் கட்டுரை முடியும்போது உங்களுக்கே தெரியும். நான் படித்த பள்ளி என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

விழா நன்றாகவே நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ‘வாசிப்பின் மேன்மை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நானும் முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டினார்கள். முடிந்ததும் தலைமை ஆசிரியர், ‘‘நம்ம லைப்ரரியையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிருங்க சார்’’ என்றார்.

போனோம். அறை பூட்டியிருந்தது. சாவி தமிழ் ஐயாவின் மேஜை டிராயரில். அவர் ஓடிப்போய் எடுத்து வந்தார். உள்ளே பாதி அறையில் பாடப்புத்தகக் கட்டுகள், கால் உடைந்த பெஞ்சுகள். மீதி இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று பீரோக்கள். அவற்றுக்குத் தனிப் பூட்டு. நான் படித்த காலத்தில் இருந்தது ஒன்றுதான். ஆக, முப்பது வருஷத்தில் இரண்டு பீரோ வளர்ச்சி!

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரே தலைவரின் வாழ்க்கை வரலாறு பத்துப் பிரதிகள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஆங்கிலக் கலைக்களஞ்சியம். போட்டித் தேர்வு கைடுகள். அரசு வேலைக்குப் பொது அறிவு. கீழ்த்தட்டில், நல்லவேளை, கொஞ்சம் கதைப் புத்தகங்கள்.

எங்களுக்குக் காபி கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை அந்தக் கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

‘‘ஐயா... இதுல ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு போகலாமாய்யா?’’

‘‘பரீட்சை முடியட்டும் தாயி’’ என்றார் தமிழ் ஐயா.

முக்கால் மணி நேரம் வாசிப்பின் மேன்மையைப் பேசிவிட்டு வந்த எனக்கு அந்தக் காபி இறங்கவில்லை.

தமிழ் ஐயா கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளை போனதும் அவரே சொன்னார். ‘‘ஆயிரத்துச் சொச்சம் புஸ்தகம் என் பேர்ல ஸ்டாக்ல இருக்கு சார். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. அன்னைக்கு அத்தனையும் எண்ணிக் காட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். எதுக்கு சார் வம்பு? இத்தன வருஷமா ஒரு புஸ்தகம் தொலைஞ்சதில்ல. அத்தனையும் அப்படியே இருக்கு.’’

‘அத்தனையும் அப்படியே இருக்கு’ என்பதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் இலக்கியம் படித்தவனில்லை. பி.காம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. அருப்புக்கோட்டை கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி முடிந்து சரக்கு எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் செய்த சேலை அத்தனையும் அப்படியே இருக்கிறது. அவர் சந்தோஷப்படுவாரா, தலையில் துண்டைப் போட்டுக்கொள்வாரா? சரக்கு நகரவில்லை என்றால் அதற்கு எங்கள் பாஷையில் டெட் ஸ்டாக் என்று பெயர். ஜவுளிக்கடையில் நஷ்டம் என்று எழுதப்படுவது பள்ளி நூலகத்தில் நல்ல நிர்வாகம் என்று எழுதப்படுகிறது. ஒரு நூலகத்தின் கணக்கு ஸ்டாக் ரிஜிஸ்டரில் இல்லை, இஷ்யூ ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. அந்தப் பள்ளியின் இஷ்யூ ரிஜிஸ்டரைக் கேட்டுப் பார்த்தேன். ஆசிரியர்கள் எடுத்துப்போன சில வரிகள். மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இது ஏதோ ஒரு பட்டிக்காட்டுப் பள்ளியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் போட்டது. தலைவர் நம் ஊர்க்காரர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1953-ல் அறிக்கை வந்தது. பள்ளி நூலகங்களைப் பற்றி அதில் தாட்சண்யமே இல்லாமல் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இருப்பவை பழைய, பிள்ளைகளின் ருசிக்குச் சம்பந்தமில்லாத புத்தகங்கள். அழகில்லாத ஓர் அறையில் சில அலமாரிகள். பொறுப்பாளரோ ஒரு குமாஸ்தா அல்லது வேறு வேலைக்கு நடுவே இதையும் பார்க்கிற, ஈடுபாடில்லாத ஆசிரியர். சாராம்சம் இதுதான். எழுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நான் பார்த்த அறைக்கு அந்த அறிக்கையை அப்படியே ஒட்டலாம். ஒரே வித்தியாசம், எங்கள் தமிழ் ஐயாவுக்குப் புத்தகங்களைப் பிடிக்கும். பயம்தான் அவரைத் தடுக்கிறது.

அந்தக் கமிஷன் இன்னொன்றும் சொன்னது. விஞ்ஞானத்துக்கு ஆய்வகம் எப்படியோ அப்படித்தான் பள்ளிக்கு நூலகம். பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும். அரசாங்கம் ஆய்வகத்தைப் புரிந்துகொண்டது. 2015-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 4,362 ஆய்வக உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கப் பரீட்சை வைத்தார்கள். நல்ல காரியம். குடுவையைக் கழுவி வைக்க ஆள் வேண்டும் என்பது புரிகிற நமக்கு, புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை. கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும், காலியாக இருக்கிற பீரியடில் யாரோ ஓர் ஆசிரியர் தலையில் இது விழுகிறது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகங்கள் உட்பட நூல்களோடு ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதில் கால் வைக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் சட்டப்படியான உரிமை இல்லை! பதினான்கு, பதினைந்து வயது. உலகத்தைப் பற்றி ஆயிரம் சந்தேகம் வருகிற வயது. வீட்டில் கேட்க முடியாத கேள்விகள் முளைக்கிற வயது. சரியாக அங்கேதான் சட்டம் கையை விடுகிறது.

பணம்? 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் வகையைப் பொறுத்து வருஷத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. 400 பேர் படிக்கிற பள்ளிக்கு 10,000 என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 25 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அந்தத் திட்டத்தின் நிதியும் 2024-ல் மத்திய, மாநில அரசுகளின் இழுபறியில் மாட்டிக்கொண்டது.

ஆனால் ஒன்று. பணம் இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல நான் தயாரில்லை. இருக்கிற ஆயிரம் புத்தகமே பூட்டிக் கிடக்கும்போது இன்னொரு ஆயிரம் வாங்கினால் என்ன ஆகும்? நாலாவது பீரோ வரும். அவ்வளவுதான்.

சிக்கல் அந்தப் பயத்தில் இருக்கிறது. அதற்கு மருந்தும் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. மத்திய அரசின் 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகளை எடுத்துப் பாருங்கள். நூலகத்தில் ஒரு வருஷத்தில் ஆயிரம் புத்தகம் படிக்கக் கொடுக்கப்பட்டால், அதில் ஐந்து தொலைவது நியாயமான இழப்புதான் என்று எழுதியிருக்கிறார்கள். நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கணக்குப் பார்ப்போம். ஒரு புத்தகம் 150 ரூபாய் என்றால் ஐந்துக்கு 750 ரூபாய். ஆயிரம் தடவை ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தைத் திறந்ததற்கு ஆன செலவு 750 ரூபாய். இதைவிட மலிவாக ஒரு கல்வித் திட்டத்தை யாராவது காட்டட்டும், பார்க்கலாம். அந்த விதியில் இருக்கிற நுட்பத்தையும் கவனியுங்கள். எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அல்ல, எத்தனை கைமாறியது என்பதை வைத்துத்தான் சலுகை. பூட்டியே வைத்திருப்பவருக்குச் சலுகை கிடையாது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. அதே மாதிரி இரண்டு வரி உத்தரவு ஒன்றைப் பள்ளி நூலகங்களுக்குத் தெளிவாகப் போட்டு, ஒவ்வொரு பீரோவின் மேலும் ஒட்டினால் போதும். பாதிப் பூட்டுகள் அன்றைக்கே திறந்துவிடும்.

இந்தியாவுக்கே நூலக அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போவதற்கு முன்பு கணக்கு வாத்தியார். 1931-ல் அவர் ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றைக்கும் அவை உண்டு. முதல் விதி இரண்டே சொல்: புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதைக்கூட ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். அந்த பீரோவைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியிலாவது ஒரு நியாயம் இருந்தது. புத்தகத்தை நகர்த்தத்தான் முடியாது, நின்றபடி படிக்கலாம்.

திருச்சுழி என்றதும் உங்களில் பலருக்கு ரமண மகரிஷி ஞாபகம் வந்திருக்கும். 1879-ல் வேங்கடராமனாக அவர் பிறந்த ஊர். நான் ஆன்மிகத்துக்குள் போகவில்லை, பள்ளிக்கூடத்துப் பையன் வேங்கடராமனைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த பெரிய புராணம் வீட்டில் கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தார். அது அவரை உலுக்கிவிட்டது. அதே பையனுக்கு 1896 ஆகஸ்டில் பள்ளியில் ஒரு தண்டனை. பெயின் துரையின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதி வரவேண்டும். மூன்றாவது முறை எழுதும்போது நோட்டைத் தள்ளி வைத்தவர்தான், திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் மகரிஷி ஆகப் போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பையனிடம் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, பள்ளிக்கூடம் எழுதச் சொல்லிக் கொடுத்தது. இன்னொன்று, யாருக்காகவோ வந்து தற்செயலாகக் கையில் கிடைத்த இரவல். ஆளை மாற்றியது இரவல்தான். பள்ளி நூலகம் ஒரு மாணவனுக்குத் தரக்கூடியது அந்தத் தற்செயலைத்தான். யாரும் கேள்வி கேட்காத, மார்க் போடாத, பாதியில் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம் என்கிற ஒரு புத்தகம். பாடப்புத்தகத்தால் இதைத் தரவே முடியாது.

எங்கள் மாவட்டத்துக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் பல வருஷம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. வானம் பார்த்த பூமியில், தறிச் சத்தத்துக்கும் பட்டாசுத் தூளுக்கும் நடுவில், படிப்பு ஒன்றுதான் கரையேறும் வழி என்று நம்பிய ஜனங்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கி ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இருந்த இரண்டில் ஒன்று விருதுநகர், இன்னொன்று ராமநாதபுரம். தேர்ச்சியில் முதல் ஆளாக நின்றவர்களின் பெயர் அந்தப் பட்டியலிலும் இருந்தது! மார்க் வாங்குவது வேறு, முன்னேறுவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நூலகப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதை நாம் ஒரு தியாகம் மாதிரி பாராட்டிக்கொண்டிருக்கிறோம். வாங்கிய கடனை அவர் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கரிசல் மண்ணுக்குச் சாகித்ய அகாதமி விருது வரிசையாகக் கிடைத்திருக்கிறது. 1991-ல் கி. ராஜநாராயணன், 2014-ல் பூமணி, 2018-ல் எஸ். ராமகிருஷ்ணன், 2019-ல் சோ. தர்மன். இதில் எஸ். ராமகிருஷ்ணனின் மல்லாங்கிணறு அருப்புக்கோட்டைக்குப் பக்கம்தான். மற்ற மூவரும் கோவில்பட்டி வட்டாரம். கி.ரா. 1982-லேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதி கொண்டுவந்தார். தன் அப்பத்தா பேசுகிற வார்த்தை அச்சில் இருப்பதை ஒரு பிள்ளை முதல் தடவையாகப் பார்க்கும்போது அவள் நிமிர்ந்து உட்காருவாள். நாமும் புத்தகத்தில் இருக்கிறோம் என்று தெரியும். அந்த மூன்று பீரோவிலும் தேடினேன். நாலு பேரில் ஒருவரும் இல்லை. அரசு வேலைக்குப் பொது அறிவு மட்டும் ஆறு பதிப்பு இருந்தது.

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். 2022-ல் பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்கென்றே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை ஆரம்பித்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள். 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் பிரமாண்டமாகத் திறந்தாயிற்று. எல்லாம் சரி. நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை மதுரைக்குப் போக வேண்டுமானால் ஒரு முழு நாளும், துணைக்கு ஓர் ஆளும், பஸ் மாற மனசும் வேண்டும். சாயந்திரம் பள்ளி விட்டதும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண் பிள்ளைக்கு அருப்புக்கோட்டை கிளை நூலகமே தூரம்தான். அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒரே நூலகம் அவள் வகுப்பிலிருந்து முப்பது அடியில், பூட்டியிருக்கிறது.

‘‘இப்பதான் எல்லாம் போன்லயே இருக்கே சார்’’ என்பீர்கள். இருக்கிறது. அந்தப் போன் அப்பாவின் சட்டைப் பையிலும் இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறது. அதில் நமக்கு வருவதும் நாம் ஏற்கெனவே பார்த்ததைப் போல இன்னொன்றுதான். தேடத் தெரியாததைத் தேடிக் கொடுக்க அதற்குத் தெரியாது.

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர்கள்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘எத்தனை புத்தகம் இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘போன மாதம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போனார்கள்?’ என்று கேளுங்கள். பதில் பூஜ்யம் என்றால், யாரையும் திட்ட வேண்டாம். புத்தகம் தொலைந்தால் நாங்கள் பொறுப்பு என்று குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பிடி அரிசியில் பள்ளிக்கூடமே எழுப்பிய ஜனங்களுக்கு, வருஷத்துக்கு ஐந்து புத்தகத்தை ஈடு கட்டுவது பெரிய காரியமா? ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய கைடுகளை மட்டும் தயவுசெய்து தானம் செய்யாதீர்கள். அவை அங்கே ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

இப்போது, பள்ளியின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது, இன்ஸ்பெக்‌ஷனுக்காக வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்த வேண்டும். புத்தகங்களை எடுத்து வராந்தாவில் அடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புத்தகங்களைத் தொட்டேன். அட்டை கிழிந்த ஒன்று. ஜூல்ஸ் வெர்னின் கதை, தமிழ்ச் சுருக்கம். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றி வருகிற ஆளின் கதை. அதுவரை நான் பார்த்த பெரிய ஊர் மதுரை. சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பி வைக்கத்தான் நினைத்தேன். பீரோ மறுபடி திறக்கவே இல்லை.

‘அத்தனையும் அப்படியே இருக்கு’ என்று தமிழ் ஐயா சொன்னபோது மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். இருந்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு சரிபார்ப்பிலும் அதற்கு நேராக ‘உள்ளது’ என்று டிக். மனுஷர் முகம் வெளிறிவிட்டது. ‘‘சார்... இதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க’’ என்றார்.

எண்ணிக் காட்டுவதற்காகப் பூட்டி வைக்கிறார்கள், எண்ணவும் இல்லை. அந்தப் பெண் பிள்ளை இழந்ததெல்லாம் அந்த டிக்குக்காக.

புத்தகத்தைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அது பீரோவுக்குப் போகக் கூடாது. இஷ்யூ ரிஜிஸ்டரில் மாணவர் பெயர் எழுதுகிற முதல் வரியில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் வர வேண்டும். ஐயா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இதை எழுதி முடிக்கிற வரை போன் வரவில்லை.